முந்தினால் இடம் கிடைக்குமா?

'பந்திக்கு முந்து' என்பது நம் நாட்டுப் பழமொழி. முந்தியவர் இலையில் வடையும் பாயசமும் நிறைவாக விழும். பிந்தியவருக்குப் பாத்திரத்தின் அடிதான் மிச்சம். கல்லூரிச் சேர்க்கையும் இப்படித்தான் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணவியரிடையே இவ்வெண்ணம் ஓர் அச்சமாகவே வளர்ந்துவிட்டது. "நவம்பர் முதல் தேதிதான் கடைசி நாள்; ஆனால் அக்டோபர் முதல் வாரமே அனுப்பினால் இடம் நிச்சயமாமே!" என்று ஒருத்தி சொன்னால் போதும், மற்றவர்களுக்கு உறக்கம் போய்விடுகிறது. இந்த அச்சத்திற்கு அடிப்படை உண்டா? சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம்.

முதலில் அங்குள்ள ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-ஆம் ஆண்டில் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய 'காமன் ஆப்' என்னும் பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்டு 1-ஆம் தேதி அது திறக்கப்படுகிறது. பல கல்லூரிகளில் சேர்க்கை இரு சுற்றுகளாக நடைபெறும். முன்சுற்றுக்கு நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாளாக இருப்பது வழக்கம். முடிவு பெரும்பாலும் டிசம்பர் நடுவில் வரும். பொதுச் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கத்தில் அனுப்பினால் வசந்த காலத்தில் முடிவு தெரியும்.

முன்சுற்றிலும் இரு வகை உண்டு. 'எர்லி ஆக்‌ஷன்' என்பதில் முடிவு முன்னதாகத் தெரியும்; சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'எர்லி டிசிஷன்' என்பதோ ஒரு வாக்குறுதி. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அதைக் கொடுக்கலாம். மாணவி, பெற்றோர், பள்ளி ஆலோசகர் ஆகிய மூவரும் கையொப்பமிட வேண்டும். இடம் கிடைத்தால் பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும்.

ஒரே சுற்றுக்குள் அக்டோபர் 5-இல் அனுப்பியவளுக்கும் அக்டோபர் 30-இல் அனுப்பியவளுக்கும் வேறுபாடு உண்டா? இல்லை என்பதே என் கருத்து. அச்சுற்றின் விண்ணப்பங்களை எல்லாம் தேர்வுக் குழுவினர் ஒன்றாக வைத்துப் பார்த்து, முடிவுகளை ஒரே நாளில் வெளியிடுகின்றனர். மேலும், பள்ளியின் மதிப்பெண் பட்டியலும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் போய்ச் சேரும் வரை விண்ணப்பம் முழுமை பெறாது. மாணவி மட்டும் ஓடிப் பயன் என்ன?

பழமொழி பொருந்தும் இடம் ஒன்று உண்டு. சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பங்கள் வர வர முடிவு செய்துகொண்டே போகின்றன. இதனை 'ரோலிங்' முறை என்பர். அங்கே நாள் செல்லச் செல்ல இடங்கள் குறையும். ஆகவே முந்துவது அறிவுடைமை.

நாள் முக்கியமில்லை என்றால் சுற்றும் முக்கியமில்லையா? அப்படிச் சொல்ல முடியாது. 2003-இல் ஆவரி, ஃபேர்பாங்க்ஸ், செக்ஹவுசர் ஆகிய மூவர் இப்பொருள் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். முன்சுற்றில் விண்ணப்பிப்பதால் கிடைக்கும் ஆதாயம், எஸ்.ஏ.டி. தேர்வில் ஏறத்தாழ 100 மதிப்பெண் கூடுதலாகப் பெறுவதற்குச் சமம் என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் விளங்காததன்று. கட்டாயம் வந்து சேர்வாள் என்று தெரிந்த மாணவியால் கல்லூரிக்கு ஓர் இடம் நிச்சயமாக நிரம்புகிறது. எனினும், விளையாட்டு வீரர்களும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் முன்சுற்றில் மிகுதியாக இருப்பதால், அங்கே காணும் உயர்ந்த விழுக்காடு முழுவதையும் நமக்குரியதாக எண்ணிவிடலாகாது.

இங்கேதான் நீதியைப் பற்றிய கேள்வி எழுகிறது. இந்த வாக்குறுதியை யாரால் கொடுக்க முடியும்? கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படாத குடும்பத்தால் முடியும். எந்தக் கல்லூரி எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டிய குடும்பத்தால் எப்படி முடியும்? உதவித்தொகை போதாவிட்டால் வாக்குறுதியிலிருந்து விலகலாம் என்பது உண்மையே. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு முன்பே போய்விடுகிறதே! வசதி குறைந்தோருக்கு முன்சுற்று பாதகமானது என்று கூறி, 2006-இல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் அதனைக் கைவிடுவதாக அறிவித்தன. பிற கல்லூரிகள் பலவும் பின்தொடரவில்லை. 2011-இல் அவ்விரண்டும், சேரும் கட்டாயமில்லாத வகையில், முன்சுற்றை மீண்டும் கொண்டுவந்தன. கட்டாயம் இல்லாத முன்சுற்றே நேர்மையானது என்பேன்.

நாள் முக்கியமில்லை என்றதும் கடைசி இரவு வரை காத்திருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் அடித்தது. 2013 அக்டோபரில் காமன் ஆப் இணையதளமே கோளாறு செய்தது. இரு முறையும் பல கல்லூரிகள் கெடுவை நீட்டிக்க நேர்ந்தது. அந்த நாட்களில் பிள்ளைகள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்! மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே அனுப்பிவிடுவது மன அமைதிக்கு நல்லது. பரிந்துரை எழுதும் ஆசிரியர்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவைப்பது அதைவிட நல்லது.

அன்புத் தோழியரே! அவசரமாக அனுப்பிய கட்டுரையை மீண்டும் திருத்த வழியில்லை. கையில் இருக்கும் பத்து நாட்களை நம் எழுத்தைச் செம்மைப்படுத்தச் செலவிடுவோம். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் உயரும் என்ற நம்பிக்கை உள்ளவள் பொதுச் சுற்றுக்குக் காத்திருப்பதில் இழுக்கொன்றும் இல்லை. பெற்றோர்களே, கையொப்பமிடும் முன் செலவுக் கணக்கை மகளுடன் உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் எப்போது அனுப்பினாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.