கூட்டத்திற்கு அறிவில்லை என்னும் பொய்

கூட்டம் சேர்ந்தால் மனிதர் தம் அறிவை இழந்துவிடுவர் என்னும் கருத்து, காவல்துறை அறிக்கைகள் முதல் தேநீர்க்கடைப் பேச்சுவரை ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே வழங்கிவருகிறது. இதற்கு அறிவியல் சாயம் பூசியவர் பிரான்சின் குஸ்தாவ் லெ பான். 1871இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியை அருகிருந்து கண்டு வெறுத்த அவர், கூட்டத்தில் கலக்கும் தனிமனிதன் தன் பொறுப்புணர்வை இழந்து, நோய்போல் தொற்றும் உணர்ச்சிக்கு அடிமையாகிறான் என்று 1895இல் வெளிவந்த நூலில் வாதிட்டார்.

நிகழ்வுகளை அணுகி ஆராய்ந்தால் இவ்வாதம் நிற்பதில்லை. 1980 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் மூண்ட கலவரத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரைஷர், அக்கூட்டம் காவலர்களையும் வங்கி போன்ற நிறுவனங்களையும் தாக்கியதேயன்றி வீடுகளைத் தொடவில்லை என்பதையும், அப்பகுதியின் எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். கூட்டத்தில் ஒருவர் தம்மை இழப்பதில்லை. 'நான்' என்னும் நிலையிலிருந்து 'நாம்' என்னும் நிலைக்கு மாறி, அந்த 'நாம்' வகுக்கும் வரம்புக்குள் செயல்படுகிறார். இதனையே ஆய்வாளர்கள் சமூக அடையாளம் என்கின்றனர்.

பழைய கருத்து பிழையானது மட்டுமன்று, கொடியதும் ஆகும். ஏனெனில் அது குற்றமற்றவர்மேல் பழி சுமத்துகிறது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் காவல்துறையே வெளிவாயிலைத் திறந்துவிட்டு, ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குச் செல்லும் சுரங்கவழியை மூடாது விட்டதால் ஏற்பட்ட நெரிசல், இறுதியில் 97 உயிர்களைப் பறித்தது. விளம்பரப் பலகைகளைப் பிய்த்துத் தூக்குப்படுக்கைகளாக்கி, நசுங்கியவர்களைச் சுமந்தோடிய ரசிகர்களையே குடிவெறிக் கும்பல் என்று தூற்றினர். அவர்கள்மீது தவறில்லை என்று நடுவர்குழு தீர்ப்பளிக்க 2016 வரை காத்திருக்க நேர்ந்தது.

அதே கருத்து குற்றவாளிகளைக் காக்கவும் செய்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித்தேடி எரித்தவர்களின் செயலை, சிங்கள மக்களின் இயல்பான எதிர்வினையாகவே அன்றைய அரசு சித்திரித்தது. சினத்திற்குப் பட்டியல் தேவையில்லை, திட்டத்திற்கே தேவை. வெறி தொற்றுநோயாயின், அதே தெருக்களில் தமிழரைத் தம் வீட்டிற்குள் மறைத்துக் காத்த சிங்கள அயலவரை அது ஏன் தொற்றவில்லை என்பதற்கு லெ பானிடம் விடையில்லை.

ஆகவே, வாயிலைத் திறந்தவர் யார், பட்டியலைக் கொடுத்தவர் யார் என்று கேளாமல், கூட்டம் வெறிபிடித்தது என்று மட்டும் எழுதி முடிக்கும் எந்த அறிக்கையையும் விசாரணை என்று ஏற்கலாகாது.