22 மாதப் பிரிவு: மஹல்லா கணக்கெடுக்கட்டும்!



உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் ஆனாலும் சரி, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், ஈரோடு ஆனாலும் சரி, "மாப்பிள்ளை துபையில் இருக்கிறார்", "மருமகன் ரியாத்தில் இருக்கிறார்" என்று பெருமையோடு சொல்லும் வீடுகள் உண்டு. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதை என்றாவது போட்டுப் பார்த்திருக்கிறோமா?

இரண்டாண்டு ஒப்பந்தம், முடிவில் இரண்டு மாத விடுப்பு. இப்படி 20 ஆண்டுகள் உழைத்தவர் தம் மனைவியோடு வாழ்ந்த காலம் மொத்தமே 20 மாதங்கள்தான்! பெற்ற பிள்ளைக்கு அத்தா என்பவர் கைப்பேசியில் தெரியும் முகம். அவர் ஊர் வந்தால் பிள்ளை பழகுவதற்கு ஒரு வாரம் ஆகிறது. பழகியதும் பெட்டி கட்டும் நாள் வந்துவிடுகிறது.

அண்டை மாநிலமான கேரளம் இதை முறையாக ஆராய்ந்தது. பொருளியல் அறிஞர் லீலா குலாட்டி, கணவர்கள் வளைகுடா சென்ற பிறகு பெண்கள் வாழும் வாழ்க்கையை நேரில் ஆய்ந்து 1993-ல் ஒரு நூலே எழுதினார். 1998-ல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் நடத்திய கணக்கெடுப்பில், அம்மாநிலத்தவர் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் இருப்பது தெரிந்தது. கணவனைப் பிரிந்து வாழும் மனைவியர் ஏறத்தாழ 10 லட்சம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தமிழகத்துக்கென அப்படியொரு கணக்கெடுப்பு 2015-ல்தான் நடந்தது. 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக அது கூறியது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

இந்த ஆய்வுகள் சொல்லும் செய்தி என்ன? பிரிவு எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. வங்கிக்குப் போய், கடனை அடைத்து, பள்ளிக் கட்டணம் கட்டி, வீடு கட்டி முடித்த பெண்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். மணமான சில வாரங்களில் கணவனை வழியனுப்பிவிட்டு, முன்பின் பழகாத மாமியார் வீட்டில் தங்கிவிடும் இளம்பெண்தான் அதிகம் வாடுகிறாள். சொனால்டே தேசாயும் மஞ்சிஸ்தா பானர்ஜியும் அகில இந்திய அளவில் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியே பேசுகிறது. தனிக்குடும்பமாக வாழும் மனைவிக்குப் பொறுப்பும் கூடுகிறது, முடிவெடுக்கும் உரிமையும் கூடுகிறது. கூட்டுக்குடும்பத்தில் இருப்பவளுக்கு அந்த உரிமை கிடைப்பதில்லை.

காரணம் நமக்குத் தெரியாததா? பணம் யார் பெயருக்கு வருகிறது என்பதில்தான் சண்டையே தொடங்குகிறது. தாய்க்கு அனுப்பினால் மனைவிக்கு மனக்குறை. மனைவிக்கு அனுப்பினால் தாய்க்கு மனக்குறை. கடல் கடந்து இருப்பவன் இரண்டு பக்கமும் கேட்டு, தூக்கம் கெட்டுத் தவிக்கிறான். குற்றவாளி யாருமில்லை, ஆனால் குடும்பம் உடைகிறது.

"குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு போகலாமே" என்பீர்கள். சாதாரணக் கூலிக்கு உழைப்பவனுக்கு அது எட்டாக்கனி. 2019-ல் ஐக்கிய அரபு அமீரகம் விதியைத் தளர்த்தியபோதும், மாதம் 4,000 திர்ஹம் அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளம் வேண்டும் என்றது. சவூதியில் 2017-ல் குடும்பத்தில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் 2020-ல் 400 ரியாலானது. குடும்பத்தோடு இருந்தவர்களே மனைவி மக்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வந்தபோது, போர்முனைக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்குவதைக் கேட்டார்கள். தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எத்தனை காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அதற்கு மேல் வீரர்களைப் போர்முனையில் நிறுத்தக் கூடாதென ஆணையிட்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. கேட்டு, விசாரித்து, சட்டமாக்கினார்கள்! ஆராய்ச்சி என்பது இதுதானே? நாமோ 22 மாதப் பிரிவை இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் ஒரு கணக்கெடுக்கட்டும். யார் வெளிநாட்டில், எத்தனை ஆண்டுகளாக, வீட்டுச் செலவு யார் கையில், பிள்ளைகளின் படிப்பு எப்படி என்று கேட்கட்டும். பெண்களிடம் பெண்களே சென்று பேசட்டும். ஒருவர் வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது, அது அமானிதம். நிக்காஹ் பேசும்போதே, மணமகள் எங்கே தங்குவாள், எப்போது விடுப்பு, செலவுக்கு மாதம் எவ்வளவு என்பதை இரு வீட்டாரும் தெளிவாகப் பேசி முடிக்கட்டும்.

இளைஞனே! கைக்கூலி வாங்கி விசா ஏஜெண்டுக்குக் கொடுத்து மணவாழ்வைத் தொடங்காதே. தாய்க்கும் மனைவிக்கும் தனித்தனியே அனுப்பு. எந்த ஆண்டு ஊர் திரும்புவாய் என்று இன்றே முடிவு செய். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்.

வணிகப் பெருமக்களே! திரும்பி வருபவனுக்கு ஊரில் பிழைப்பில்லை என்பதால்தான் அவன் மீண்டும் விமானம் ஏறுகிறான். கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் உங்கள் முதலும் அவன் உழைப்பும் சேர்ந்து லாபத்தில் பங்கு என்று தொழில் தொடங்க முடியாதா? இப்படி ஒருவனை நீங்கள் ஊரில் நிறுத்தினால், ஒரு பெண்ணுக்குக் கணவனையும் பிள்ளைகளுக்கு அத்தாவையும் திருப்பித் தருகிறீர்கள். அதைவிடச் சிறந்த முதலீடு எது?

வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் ஜமாஅத்தில் இதைப் பேசுங்கள். கணக்கெடுப்பைத் தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்!