விளம்பரத்துக்கு வரும் அப்டேட் பாதுகாப்புக்கு ஏன் வருவதில்லை?

உங்கள் கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் என்றால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். செட்டிங்ஸுக்குள் போய் 'செக்யூரிட்டி அப்டேட்' எந்தத் தேதியில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்து, நீங்கள் கேட்காமலே போனோடு வந்த ஆப் ஸ்டோர், பிரவுசர், கேம் சென்டர், லாக் ஸ்கிரீன் செய்திச் செயலி இவையெல்லாம் கடைசியாக எப்போது அப்டேட் ஆயின என்று பாருங்கள். போன் வாங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தால் முதல் தேதி எங்கோ பின்னால் உறைந்து கிடக்கும். இரண்டாவது பெரும்பாலும் போன வாரத் தேதியாக இருக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரமாகவும் இருக்கும்.

ஒரே கம்பெனி, ஒரே போன், ஒரே இணைப்பு. ஒன்று வருகிறது, இன்னொன்று வருவதில்லை. இதைத் தொழில்நுட்பச் சிக்கல் என்று நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், இது வெறும் வரவு செலவுக் கணக்கு. போனோடு ஒட்டி வரும் செயலி கம்பெனிக்கு வரவு. ஓட்டையை அடைக்கும் பேட்ச் செலவு. வரவுக்கு அவசரம் உண்டு. செலவைத் தள்ளிப்போடலாம்.

பேட்ச் தருவது சுலபமில்லை என்பது உண்மைதான். கூகுள் தரும் திருத்தத்தை சிப் தயாரிக்கும் குவால்காமோ மீடியாடெக்கோ தங்கள் சிப்புக்குப் பொருத்த வேண்டும். போன் கம்பெனி அதைத் தன் மாடலுக்குப் பொருத்தி, கேமரா முதல் சிம் வரை எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஒரு செயலியை அப்டேட் செய்வதைவிட இது பல மடங்கு வேலை. அந்த வேலையைக் குறைக்கத்தான் கூகுள் 2017இல் ஆண்ட்ராய்டு 8இன்போது டிரெபிள் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, சிப் சார்ந்த பகுதியைத் தனியாகப் பிரித்தது. கஷ்டம் குறைந்தது, மலிவு போன்களின் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆனால் 2023 அக்டோபரில் பிக்ஸல் 8க்கு ஏழு வருஷ அப்டேட் என்று கூகுள் அறிவிக்க முடிந்தது. 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் அதையே சொன்னது. முடியாத காரியம் இல்லை. யாருக்குச் செய்வது என்பதில்தான் பேரம்.

தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்று தெரிந்து உலகமே பதறிய பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் வந்தது. நல்ல வழக்கம். ஆனால் திருத்தம் வெளியாகும்போது ஓட்டையின் முகவரியும் வெளியாகிவிடுகிறது. பேட்ச் வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வராதவர்களின் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று திருடனுக்கு வரைபடமே கிடைத்துவிடுகிறது.

"வேண்டாத ஆப்பை அழித்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அழிக்க முடியாது, பலவற்றை 'டிசேபிள்' மட்டும்தான் செய்யலாம். அவை போனின் சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன. உங்கள் கை அங்கே எட்டாது. திருப்பூரில் எந்த சர்வீஸ் கடைக்குப் போனாலும், "மெமரி ஃபுல்லுங்ண்ணா, ரீசெட் போட்டுடலாமுங்களா?" என்பார்கள். ரீசெட் போட்டால் நீங்கள் போட்ட போட்டோ, பாட்டு எல்லாம் போகும். கம்பெனி போட்டது மட்டும் அப்படியே நிற்கும். வீடு உங்களுடையது, நிலைப்படி மட்டும் அவர்களுடையது.

திருப்பூரை வேண்டுமென்றேதான் இழுக்கிறேன். இங்கே ஓவர்லாக் மெஷினில் உட்காரும் ஒருவருக்குப் போன் பொழுதுபோக்குச் சாமான் மட்டும் இல்லை. ஒடிசாவிலோ பீகாரிலோ இருக்கும் வீட்டுக்குப் பணம் போவது அதில், வங்கி ஓடிபி வருவது அதில். 2025 ஆகஸ்டிலிருந்து, புதிதாக வேலைக்குச் சேரும் தொழிலாளிக்கு பிஎஃப் யுஏஎன் எண் வாங்கவே உமங் செயலியில் முகம் காட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அரசாங்கம், வங்கி, முதலாளி எல்லோரும் சேர்ந்து ஒரு மனிதனின் வாழ்க்கையை அந்தப் போனுக்குள் வைத்துவிட்டார்கள். அந்தப் போனைச் செய்தவனோ விற்ற மறுநாளே கை கழுவப் பார்க்கிறான்.

அதே தொழிலாளி தைக்கும் பனியனுக்கு இந்தச் சலுகை கிடைக்குமா? பெட்டி கட்டி முடித்த சரக்கில் சாம்பிள் எடுத்து ஏக்யூஎல் பார்ப்பார்கள். குறை அளவுக்கு மேல் போனால் மொத்த லாட்டும் திரும்ப டேபிளுக்கு வரும். "அடுத்த சீசனில் சரி பண்றோம்" என்று பையரிடம் எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. ஷிப்மென்ட் தாமதமானால் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். 1994இல் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டின் சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றின. எங்கோ ஒரு குழந்தையின் தோலுக்காக இங்கே பாத்திரங்கள் மாறின. சரியான விஷயம்தான்.

அதே ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் போனுக்கும் ஒரு விதி வந்திருக்கிறது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட்டுகள் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் வாசகத்தில் சந்து தேடும் கம்பெனிகளும் உண்டு. ஆனால் விதி என்று ஒன்று இருந்தால்தானே சந்தையாவது தேட வேண்டும்? நமக்கு அதுவும் இல்லை.

நம் ஊரில் நடந்தது என்ன? 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தன் செயலிகளை மொத்தமாகப் போன்களில் திணித்ததும் அதற்கு ஒரு காரணம். முன்கூட்டியே போட்ட தன் செயலிகளை நீக்கவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச் 29இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, நீக்குவது பற்றிய உத்தரவை ரத்து செய்தது. அபராதம் அரசுக் கஜானாவுக்கு. நமக்காக இருந்த ஒரே வரி குப்பைக்கு.

அதோடு முடியவில்லை. 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில் தொலைத்தொடர்புத் துறை, எல்லாப் புதுப் போன்களிலும் சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3இல் பின்வாங்கியது. நம் வீட்டு நிலைப்படியில் ஆணி அடித்தவனைக் கண்டிக்க வேண்டிய அரசு, தனக்கும் ஒரு ஆணி அடிக்க இடம் கேட்டது!

கடைசியாக ஒரு வாதம் எப்போதும் வரும். "விளம்பரம் இருப்பதால்தான் போன் மலிவு. விதி போட்டால் விலை ஏறும், ஏழைக்குத்தான் நஷ்டம்." திருப்பூர் இந்த வசனத்தை வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறது. சாயக்கழிவைச் சுத்திகரித்தால் தொழில் அழிந்துவிடும் என்று வருஷக்கணக்கில் தவணை வாங்கினார்கள். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்குட்டை ஆயின, கீழே இருந்த விவசாயி விலை கொடுத்தான். 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வலி இருந்தது, பலர் நொடித்தும் போனார்கள். ஆனால் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறித் தொழில் மறுபடி எழுந்தது. மலிவு என்று நாம் சொல்வது பல சமயம் வேறொருவர் தலையில் கட்டிய பில். மலிவுப் போனின் பில், வங்கிக் கணக்கு காலியாகும் நாளில் அதே தொழிலாளியிடம் வருகிறது.

கேட்க வேண்டியது மூன்றே மூன்று. பெட்டியில் எம்ஆர்பி அச்சிடுவதுபோல, எந்த மாதம் வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற தேதியை அச்சிட வேண்டும். போன் பேச, மெசேஜ் பார்க்கத் தேவையில்லாத எந்தச் செயலியையும் அடியோடு நீக்கும் உரிமை வேண்டும். சொன்ன தேதிக்கு முன் பேட்ச் நின்றால் வாங்கியவருக்கு நஷ்டஈடு வேண்டும், பையர் போடும் டெபிட் நோட் மாதிரி.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. ரொட்டிப் பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி வாங்கும் போனில் மட்டும் ஏன் இல்லை? அடுத்த முறை கடையில் ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "இதுக்கு எது வரைக்கும் அப்டேட் வருமுங்க?" கடைக்காரருக்குப் பதில் தெரியாது. அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்ற நிலை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.