மரத்தின் பிடி

வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். மாதா குளத்துப் பக்கம் மரக்கிளைகளிலும் கம்பிகளிலும் மஞ்சள் நூலும், சின்னஞ் சிறு தொட்டில்களும், பூட்டுக்களுமாகத் தொங்கும். தொட்டில் பிள்ளை வரத்துக்கு. நூலும் பூட்டும் மற்ற வேண்டுதல்களுக்கு. பால் கொண்டு போன ஒரு பையனுக்கு மாதா தரிசனம் தந்ததே ஆலமரத்தடியில்தான் என்பது அவ்வூர் ஐதீகம். ஆகவே, மரத்தில் முறையீட்டைக் கட்டி வைப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வேண்டுதல் என்ன ஆகிறது என்பது மாதாவுக்குத் தெரியும். மரத்தில் கட்டிய பொருள் என்ன ஆகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

மரம் பருப்பது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய ஏட்டினால். அது உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் உண்டாக்கிக் கொண்டே இருக்கிறது. குறுக்கே ஓர் ஆணியோ கம்பியோ இருந்தால் இரு பக்கமும் வழிந்து வந்து, உதடு மூடுவது போல் மூடிக் கொண்டு விடும். நூல் மக்கிப் போகும். இரும்பு உள்ளேயே தங்கும். பிற்பாடு அந்த மரத்தை அறுப்பவரின் ரம்பப் பல்லுக்குத்தான் சேதி தெரியும்!

இன்னொரு வேடிக்கை. மரம் உயர்வது நுனியில்தான். ஐந்து வயதில் பேரன் அடித்த ஆணி, அவன் கல்யாணத்தின்போது உச்சாணிக் கிளைக்கு ஏறியிருக்காது. அடித்த உயரத்திலேயே இருக்கும், வெளியே தெரிந்தால்.

கொல்லை வேம்பில் துணி உலர்த்தக் கம்பி கட்டியிருக்கும் சகோதரிகள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிக் கட்டிய கம்பி இறுகினால் வேர் பட்டினி; நாளடைவில் மரமே பட்டுப் போகலாம். வருஷத்துக்கு ஒரு முறையாவது கட்டைத் தளர்த்தி விடுங்கள்.

நாம் மரத்தைத் தேடிப் போவது இப்படி. மரம் நம்மைத் தேடி வருவதும் உண்டு. அரசம் பழத்தையும் ஆலம் பழத்தையும் தின்ற பறவை கோபுரத்தில் வந்து உட்காருகிறது. எச்சத்தோடு விழுந்த விதைக்குச் செங்கல் இடுக்கில் தங்கிய ஈரமே போதும். காவிரிக் கரைக் கோயில்களில் இப்படி முளைத்த செடி இல்லாத கோபுரம் அபூர்வம். விரல் பருமனாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். மேலே வெட்டி விட்டால் மறுபடி தழைக்கும். தொடை பருமனான பிறகு பிடுங்கினாலோ, செங்கல்லும் கூடவே வரும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று பெரியவர்கள் வைத்ததில் இந்தச் செளகரியமும் இருக்கிறது.

"சுற்றி வந்து கும்பிடும் அரச மரத்தைப் பிடுங்கலாமா?" என்று சில மாமிமார் தயங்குவார்கள். வீட்டு மாடிச் சுவரில் முளைத்ததைக் கூட விட்டு வைத்து, பின்னால் விரிசலுக்குக் கொத்தனாரைத் தேடுவார்கள். பதமாகப் பிடுங்கிக் குளக்கரையில் நட்டு விடுங்களேன்! மரமும் பிழைக்கும், சுவரும் பிழைக்கும்.

அதற்காகக் கட்டடம் அழிந்த பழியையெல்லாம் மரத்தின் தலையில் போடக் கூடாது. வேளாங்கண்ணிக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் நாகப்பட்டினத்தையே பாருங்கள். 'பொன்னியின் செல்வ'னில் அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு படுத்திருந்தாரே, அந்தச் சூடாமணி விகாரம் இருந்த ஊர். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்தது. ஆனைமங்கலம் கிராமத்தைச் சோழ மன்னன் அதற்குத் தானமாக விட்டான்.

அந்த ஊரில் 1856-ல் ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். அடியில் பூமிக்குள் ஐந்து புத்தர் சிலைகள்! அதிலிருந்து 1930-களுக்குள் நாகப்பட்டினத்தில் அகப்பட்ட பெளத்தச் செப்புத் திருமேனிகள் சுமார் 350. யாரோ எந்தப் பயத்திலோ புதைத்தவை. மேலே வளர்ந்த மரம் அந்த ஐந்தையும் ஒன்றும் செய்யவில்லை.

சயாம் தேசத்து அயோத்தியாவில் மரம் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1767-ல் பர்மியப் படை அந்நகரத்தைப் பாழாக்கியது. அங்கே மகாதாது ஆலயத்தில் ஒரு புத்தர் தலையை வேர்கள் அணைத்துப் பிடித்திருக்கின்றன. படம் எடுத்துக் கொள்ள விரும்புகிறவர்கள் தரையில் அமர வேண்டும். புத்தர் தலைக்கு மேல் நம் தலை இருக்கலாகாது.

நாகப்பட்டினத்தில் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்றும் இருந்தது. பெளத்தர்கள் விட்டுப் போனது என்பார்கள். சர் வால்டர் எலியட் 1846-ல் அதைப் பார்த்தார். வண்டியும் மாடும் உரசி அடி மூலைகள் தேய்ந்திருந்தனவே தவிர, மற்றபடி உறுதியாகவே நின்றது. 1867-ல் அரசாங்க அனுமதியோடு ஆள் விட்டு இடித்து விட்டார்கள். மார்க்கோ போலோவின் யாத்திரை நூலை யூல் துரை ஆங்கிலத்தில் பதிப்பித்தபோது, எலியட் வரைந்த சித்திரத்தை அதில் சேர்த்தார். கோபுரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தப் புத்தகத்தைத்தான் தேட வேண்டும். நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பார்க்க எழும்பூர் மியூஸியத்துக்குப் போகலாம்.