ரேட்டிங் போடும் அறையில் இருப்பது யார்?

"ஐடியில் ஏது சாதி? கோடுக்குச் சாதி தெரியுமா?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள். கோடுக்குத் தெரியாது. கோடு எழுதியவருக்கு ரேட்டிங் போடுபவருக்குத் தெரியும்.

கடும் அழுத்தத்தில் இயங்கும் மென்பொருள் நிறுவனங்களில் நம்மை ஓட வைப்பது டெட்லைன். வேலையில் நிலைப்போமா என்பதை முடிவு செய்வதோ அப்ரைசல். பெல் கர்வ் முறையில், எல்லோரும் நன்றாக உழைத்திருந்தாலும் சிலரைக் கீழே தள்ளியே ஆக வேண்டும். மைக்ரோசாஃப்ட் இதை 2013இல் கைவிட்டது. வேறு பெயர்களில் அது இன்னும் பல இடங்களில் உயிரோடு இருக்கிறது.

ஆய்வுக்கு வருமுன் நானும் சில ஆண்டுகள் இத்துறையில் இருந்தேன். 'நார்மலைசேஷன்' எனப்படும் மூடிய அறைக் கூட்டத்தில் உங்கள் பெயர் வரும்போது, உங்களுக்காகப் பேச ஒரு மேலாளர் வேண்டும். அவர் பெரும்பாலும் 'நம்ம ஆளு'க்காகத்தான் பேசுவார். அங்கே யாரும் சாதிப் பெயரைச் சொல்வதில்லை. 'கம்யூனிகேஷன் போதாது', 'டீமோடு ஒட்டவில்லை' என்றே சொல்வார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கோ கல்விக்கடன் இருக்கும். கோபித்துக்கொண்டு வேலையை விட முடியாது. ஆகவே அழுத்தமும் எல்லோருக்கும் சமமாக இறங்குவதில்லை.

கடல் கடந்தாலும் இது விடுவதில்லை. சிஸ்கோவில் ஒரு தலித் பொறியாளர் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை 2020இல் வழக்குத் தொடுத்தது. அவர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, இரு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகத் தடைசெய்யும் மசோதாவை அதே ஆண்டு கலிஃபோர்னிய ஆளுநர் நிராகரித்தார். ஆனால் சியாட்டில் நகரம் அந்த ஆண்டிலேயே தடைச்சட்டம் இயற்றியது. ஆப்பிள் தன் பணியிட விதிகளில் 'சாதி' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது.

அமெரிக்க அலுவலகத்துக்கு எழுத முடிந்த சொல்லை சென்னை, பெங்களூரு அலுவலகங்களின் விதிகளிலும் எழுதச் சொல்வோம். ரேட்டிங்குக்கான காரணத்தை எழுத்தில் கேட்போம். ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2016லேயே தெளிவுபடுத்திவிட்டது, சங்கத்தில் சேர்வோம். தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையையும் கைவிடக் கூடாது.

தகுதியை அளப்பதாகச் சொல்பவர்கள் முதலில் அளவுகோலைக் காட்டட்டும், தோழர்களே. மூடிய அறையில் அளக்கும் வரை அதற்குப் பெயர் தகுதி அல்ல, சாதி.