பள்ளிக் கணினிக்கு எதுக்கு வாடகை?

தோழர்களே! சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையைப் பார்த்திருப்பீங்க. துணி நெய்தது நம்ம நெசவாளி. லாபம் அள்ளியது கம்பெனி. கோட்டை இடிஞ்சு போச்சு, கம்பெனி ஆதிக்கம் போகலை!

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-ஐக் கைவிட்டது மைக்ரோசாஃப்ட். நல்லா ஓடுற கணினியைக் குப்பையில போடணுமா?

2007-லேயே எல்காட் லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது சென்னை சி-டாக். கேரளப் பள்ளிகளில் இன்று ஓடுவதும் லினக்ஸ்தான். உரிமக் கட்டணம் கிடையாது. ஒருத்தர் திருத்தினா எல்லாருக்கும் பயன். சந்தேகம் கேட்டா முகம் தெரியாத யாரோ சொல்லித் தருவாங்க. ஊர்கூடித் தேர் இழுக்கிற பண்பாடு அது!

தமிழ்நாடு அரசே! மக்கள் வரிப்பணத்தை உரிமக் கட்டணமா கொட்டாதே. அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு வா!

பகிருங்கள் தோழர்களே!
#கட்டற்றமென்பொருள்