அலங்காரம் மட்டுமே கலையா?

கலை மனத்திற்கு இன்பம் தருவது. ஆதலின் அது அழகாகத்தான் இருத்தல் வேண்டும் என்று வாதிடுவோர் தமிழரிடையே இன்றும் பலர் உளர். மயிலையும் தாமரையையும் குடம் ஏந்திய பெண்ணையும் தீட்டினால் அஃது ஓவியம். நாளிதழ்த் துண்டையும் நிழற்படத்தையும் கந்தைத் துணியையும் ஒட்டி ஒரு கருத்தைச் சொன்னால் அது குப்பை என்பது அவர்தம் தீர்ப்பு. சுவை பற்றியது போலத் தோன்றும் இத்தீர்ப்பு உண்மையில் அதிகாரம் பற்றியது. குடம் ஏந்திய பெண்ணை வரையலாம். குடத்தின் பாரத்தைப் பற்றி அவள் பேசலாகாது என்பதே அதன் உட்பொருள்.

இவ்வாதத்திற்கு விடை பினாங்கு மண்ணிலேயே பிறந்தது. 1941-இல் இங்குப் பிறந்தவர் ஓவியர் நிர்மலா தத். நிர்மலா சண்முகலிங்கம் என்ற பெயராலும் கலையுலகம் அவரை அறியும். 1973-இல் கோலாலம்பூரில் தேசியக் கலைக்கூடம் ‘மனிதனும் அவன் உலகமும்’ என்ற தலைப்பில் ஒரு போட்டிக் கண்காட்சியை நடத்தியது. அதற்கு அவர் மலையையும் கடலையும் தீட்டி அனுப்பினாரல்லர். மாசுபட்ட சூழலின் நிழற்படங்களையும் கழிவுப் பொருள்களையும் ஒருங்கே வைத்துத் தம் முதல் ‘கூற்று’ என்று பெயரிட்டார், பரிசும் பெற்றார். ‘அவன்’ உலகம் என்று பெயர் சூட்டிய அரங்கில், அவ்வுலகம் கழித்துப்போட்ட குப்பைக்குக் கணக்குக் கேட்டவர் ஒரு பெண்! பின்னாளில் போரையும் பஞ்சத்தையும் பற்றிய பத்திரிகைப் படங்களைத் திரையச்சில் பதித்து, அவற்றின்மேல் வண்ணம் தீட்டி, உலக வல்லரசுகளையும் அவர் வினவினார். இத்தகைய ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை?

பல பொருள்களை ஒன்றுசேர்க்கும் கலப்பூடகக் கலையின் வலிமை எளிதில் விளங்கக்கூடியது. வரைந்த தட்டு ஒரு படம். உண்ட தட்டு ஒரு சாட்சி. அமெரிக்க ஓவியர் ஜூடி சிகாகோ 1979-இல் ‘இரவு விருந்து’ என்னும் படைப்பைக் காட்சிக்கு வைத்தார். முக்கோண மேசையில் 39 பெண்களுக்குப் பீங்கான் தட்டும் தையல் விரிப்பும் இட்டு, மேலும் 999 பெண்களின் பெயர்களைத் தரையில் பொறித்தார். எள்ளி நகைத்தோர் அன்று பலர். 2007 முதல் அது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிலையாக இடம்பெற்றுள்ளது. சமையலறையும் தையலும் வரலாறு பேசும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது.

இங்கோ, பெண்ணின் கலை வாசலோடு நின்றுவிடுகிறது. விழாக்களில் கோலப் போட்டி உண்டு. பூத்தொடுக்கும் போட்டி உண்டு. கோட்டின் நேர்த்திக்கு மதிப்பெண் கிடைக்கிறது. கோடிட்டவளின் எண்ணத்திற்குக் கிடைப்பதில்லை. தோட்டத்து மங்கு, பால்வெட்டுக் கத்தி, அடகுக்கடைச் சீட்டு, குடியுரிமை கிட்டாமலே முதுமையெய்திய பாட்டியின் சிவப்பு அடையாள அட்டை ஆகிய இவற்றை ஒரு பலகையில் பொருத்தி ஒரு பெண் கண்முன் வைப்பாளாயின், யார் உழைத்தார், யார் பெயரில் சொத்து இருந்தது, யாருக்கு இந்நாட்டில் இடம் மறுக்கப்பட்டது என்பன ஒரே பார்வையில் புலனாகும். ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்யாத வேலையை அப்பலகை செய்யும்.

பொருள்களைக் கலப்பதைப் பினாங்கு வெறுக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச், ஆர்மீனியன் வீதிச் சுவரில் இரு குழந்தைகளை வரைந்து, அவர்களுக்கு உண்மையான சைக்கிள் ஒன்றையும் சுவரோடு சேர்த்து வைத்தார். அதுவும் கலப்பூடகமே. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளச் சுற்றுலாப் பயணியர் வரிசையில் நிற்கின்றனர். அதனைக் குப்பை என்பார் எவருமிலர். அஃது எவரையும் எதுவும் கேட்பதில்லை அன்றோ!

கேட்கும் கலையின் கதி வேறு. அமெரிக்க, பிரிட்டிஷ் தலைவர்களான ரீகனையும் தாட்சரையும் நிழற்பாவைகளாகத் தீட்டிய நிர்மலாவின் ஓவியம் 1986-இல் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாவில், தேசியக் கொடியுடன் மலேசியர் பலரைக் காட்டிய நிழற்படக் கண்காட்சியிலிருந்து, திருநங்கையர் உரிமைக்குப் பாடுபடும் நிஷா அயூப்பின் படமும் செயற்பாட்டாளர் பாங் கீ டெய்க்கின் படமும் சமய விவகார அமைச்சரின் உத்தரவால் நீக்கப்பட்டன. ஒட்டுவேலை இல்லை, வசைமொழி இல்லை, கொடியோடு ஒரு மனிதர் நிற்கும் படம் மட்டுமே. அதுவும் பொறுக்கவில்லை. பிறர் விவகாரம் என்று தமிழ் எழுத்துலகம் ஒதுங்கி நிற்பது முறையாகுமா?

பண்பாடு கெடும் என்று அஞ்சுவோர் தம் ஏடுகளையே புரட்டிப் பார்க்கட்டும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் ஆடிய பேடும் ஒன்று. ஆணுமல்லாது பெண்ணுமல்லாது அமைந்த அக்கோலத்தை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. கொடுகொட்டியோடும் குடக்கூத்தோடும் ஒருங்கே வைத்தார். பழந்தமிழ்ப் புலவர்க்கு இருந்த நெஞ்சுரம் இற்றைத் தமிழர்க்கு இல்லையென்றால், கெட்டது பண்பாடன்று, துணிவே.

செய்ய வேண்டியது பெரிதன்று. நூல் வெளியீட்டுக்கு மண்டபம் பிடிக்கும் சங்கங்கள் அதே மண்டபத்தின் ஒரு சுவரைப் பெண்களின் இத்தகைய படைப்புகளுக்கு ஒதுக்கலாம். சிறுகதைக்குத் திறனாய்வு எழுதுவோர் அவற்றிற்கும் எழுதலாம். கோலப் போட்டியின் நடுவர்கள் கோட்டின் நேர்த்தியோடு அதன் பொருளையும் வினவலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எவரேனும் வந்து முகம் சுளித்தால், மாட்டிய படத்தைக் கழற்றாமல் இருக்கலாம். இவ்வளவும் செய்யாமல் பெண்ணுரிமை பற்றி ஆண்டுதோறும் மேடையில் முழங்குவது, குடத்தைப் பாடிவிட்டுச் சுமப்பவளை மறப்பதேயாகும்.